யானை கலைத்தவர் மீது ஊருக்கு ஏன் கோபம்? குறையுள்ள நாயகன் பற்றி ஓர் எளிய விளக்கம்

மாசி மாதத்து இரவொன்று. காலபோக நெல் முற்றி அரிவு வெட்டுக்குக் காத்திருக்கையில், காட்டோரத்து வயலொன்றுக்குள் தனியன் யானை இறங்கிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். காவல் கொட்டிலில் இருந்தவர்கள் யானைவெடி கொளுத்தியும் தகரத்தில் தட்டியும் பார்த்துக் களைத்துப்போன நேரத்தில், எதற்கும் அஞ்சாதவர் என்று பெயரெடுத்தவரும் அன்றைக்குச் சற்றுக் கூடுதலாகவே குடித்திருந்தவருமான ஒருவர், தம் உழவு இயந்திரத்தை முடுக்கிக்கொண்டு நேரே வயலுக்குள் இறங்குகிறார். யானை மிரண்டு காட்டுக்குள் ஓடிவிடுகிறது. விடிந்து பார்த்தால், யானை மிதித்தது கால் ஏக்கர், உழவு இயந்திரம் உழக்கியது ஒரு ஏக்கர். மூன்று பேருடைய வரம்பு உடைந்திருக்கிறது, வாய்க்கால் தூர்ந்து கிடக்கிறது. யானை கலைத்தவரோ கொட்டிலில் குறட்டை விட்டு உறங்குகிறார்.

ஊர் இவருக்கு நன்றி சொல்லுமா, இவரை ஏசுமா? இரண்டையும் ஒரே மூச்சில் செய்யும் என்பதுதான் இலங்கையின் வடக்கே உள்ள வன்னியில் வாழ்ந்தவர்கள் எவரும் சொல்லக்கூடிய பதில். அந்த ஒரே மூச்சைக் கதையாக ஆக்குவதற்குத்தான் குறையுள்ள நாயகன் என்ற பாத்திரவகை தேவைப்படுகிறது.

உயர்தர வகுப்பில் நாடகமும் அரங்கியலும் படிக்கும் மாணவர்களுக்கு இந்தக் கருத்தை விளக்க நான் வழக்கமாக எடுத்துக்கொள்வது ஒரு ஹொலிவூட் படம். 2008 ஜூலையில் வெளியான ‘ஹான்கொக்’ என்ற அந்தப் படத்தில் வில் ஸ்மித் நடித்திருந்தார், பீற்றர் பேர்க் இயக்கியிருந்தார். அது உலகெங்கும் ஓடிக்கொண்டிருந்த மாதங்களில் போருக்கு நடுவே வன்னி இருந்த நிலையைப் படிப்பவர்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை. அயலில் எவரும் அப்போது அதைப் பார்த்திருக்க வழியில்லை. நானும் சில ஆண்டுகள் கழித்தே பார்த்தேன். பதினைந்து கோடி அமெரிக்க டொலர் செலவில் எடுக்கப்பட்டு அறுபது கோடிக்கு மேல் வசூலித்த படம் என்பதால் அது சிறந்த படம் என்று நான் சொல்ல வரவில்லை. அதன் முதற்பாதி மிகத் தெளிவான பாடம், பிற்பாதி மிகத் தெளிவான தவறு. கற்பிப்பதற்கு இரண்டும் உதவுகின்றன.

கதை லொஸ் ஏஞ்சல்ஸ் நகரில் நடக்கிறது. ஹான்கொக் பறப்பான், குண்டு துளைக்காத உடம்புக்காரன், ரயிலைத் தோளால் நிறுத்துவான். அதே ஹான்கொக் தெருவோர வாங்கில் குடித்துவிட்டுப் படுத்திருக்கிறான். நெடுஞ்சாலையில் துப்பாக்கியோடு தப்பியோடும் கள்ளர்களைப் பிடிக்கும்படி ஒரு சிறுவன் அவனைத் தட்டி எழுப்பவேண்டியிருக்கிறது. கையில் போத்தலோடு பறந்து போகிறான். கள்ளர்களை வாகனத்தோடு தூக்கிக்கொண்டுபோய் ஓர் உயரமான கட்டடத்தின் உச்சியிலுள்ள கூரான கம்பியில் குத்தி நிறுத்திவிட்டுப் போகிறான். கள்ளர்கள் பிடிபட்டார்கள். வீதி, வாகனங்கள், கட்டடம் எல்லாம் சேதம். நகரமே அவனை ஏசுகிறது. ஒரு வகுப்பில் இந்த இடத்தில் படத்தை நிறுத்தியபோது பின்வரிசை மாணவன் ஒருவன், “சேர், இவர் கதாநாயகனோ, இல்லாட்டி வில்லனோ?” என்று கேட்டான். நல்ல கேள்வி. அவனுக்குச் சொன்ன பதிலை இங்கே சற்று விரித்து எழுதுகிறேன்.

நாயகன் யார் என்பதை அவனுடைய நற்குணம் தீர்மானிப்பதில்லை. கதை யாருடைய செயலைப் பின்தொடர்ந்து போகிறதோ, யாருடைய மாற்றத்துக்காகப் பார்ப்பவர் காத்திருக்கிறாரோ, அவரே நாயகர். நற்குணமும் அவரிடம் சேர்ந்திருந்தால் அது நமக்குப் பழக்கமான வகை. பண்டாரவன்னியன் பற்றி நம் பாடசாலை மேடைகளில் ஆடப்படும் நாடகங்களை நினைத்துப் பாருங்கள். 1803இல் முல்லைத்தீவுக் கோட்டையைத் தாக்கியவர், அதே ஆண்டு ஒக்டோபர் 31ஆம் திகதி கற்சிலைமடுவில் தோற்கடிக்கப்பட்டவர் என்று வரலாறு சொல்லும் அந்த மன்னரிடம் நம் மேடை ஒரு சிறு குறையையும் வைப்பதில்லை. தோல்விக்கான பழி முழுவதும் காக்கைவன்னியன் என்ற காட்டிக்கொடுப்பவனின் தலையில் இறக்கிவைக்கப்படுகிறது. ஊர் தன் நினைவில் நிறுத்த விரும்பும் ஒருவரை அப்படிக் காட்டுவதில் பிழையில்லை. ஆனால் அவ்வகை நாடகத்தில் நாயகன் மாறவேண்டிய தேவையே எழாது. மாறவேண்டியவர்கள் எல்லாம் அவனைச் சுற்றி இருப்பவர்கள்தான்.

குறையுள்ள நாயகனிடமோ மாறவேண்டியது அவனுக்குள்ளேயே கிடக்கிறது. இங்கேதான் தொடக்கநிலை மாணவர்கள் பெரும்பாலும் வழுக்கி விழுகிறார்கள். குறை என்பதையும் பலவீனம் என்பதையும் ஒன்றாக நினைத்துவிடுகிறார்கள். 1938இல் அமெரிக்கச் சித்திரக்கதையொன்றில் தோன்றிய சுப்பர்மேனுக்குப் பின்னாளில் கிரிப்டோனைட் என்ற ஒரு பொருள் எதிரியாக வைக்கப்பட்டது. அது அருகில் வந்தால் அவன் சக்தியிழந்து விழுந்துவிடுவான். அது பலவீனம். அதனால் துன்பப்படுவது அவன் ஒருவனே, அதற்காக எவரும் அவனை வெறுக்கமாட்டார்கள், மாறாகப் பரிதாபப்படுவார்கள். குறை என்பது அப்படிப்பட்டதன்று. குறை நாயகனிடம் இருக்கும், அதன் செலவை மற்றவர்கள் கொடுப்பார்கள். யானை கலைத்தவருக்கு இருட்டில் கண் சரியாகத் தெரியாது என்றால் அது பலவீனம். இருட்டில் யாருடைய வயல் என்று பாராமல் இறக்கியது குறை. உடைந்த வரம்பைக் கட்டப்போவது யார் என்று கேட்டாலே இரண்டுக்கும் உள்ள வேறுபாடு விளங்கிவிடும். ஒரு கதையில் நாயகனுக்குக் குறை இருப்பதாகச் சொல்லப்பட்டால், நான் முதலில் தேடுவது அந்தச் செலவைக் கொடுத்தவரைத்தான். அப்படி ஒருவரும் இல்லையென்றால் அந்தக் குறை அலங்காரம், கன்னத்தில் ஒட்டிய தழும்பு போன்றது.

இன்னொன்றையும் பிரித்தறிய வேண்டும். வெறுக்கப்படும் நாயகர்கள் எல்லோரும் குறையுள்ளவர்கள் அல்லர். 2008ஆம் ஆண்டின் அதே ஜூலையில் வெளியான ‘த டார்க் நைட்’ படத்தின் முடிவில் பட்மேன் தான் செய்யாத கொலைகளுக்கான பழியைத் தானே ஏற்றுக்கொண்டு, பொலிஸ் துரத்த ஓடுகிறான். நகரம் அவனை வெறுக்கிறது, ஆனால் பார்ப்பவர் அவனை முன்பைவிட மதிக்கிறார். அது பழி சுமந்த நாயகன். அவனுக்கும் ஊருக்கும் இடையில் இருப்பது தகவற்பிழை, உண்மை தெரிந்தால் தீர்ந்துவிடும். ஹான்கொக்கின் விடயத்திலோ ஊருக்கு எல்லா உண்மையும் தெரியும். தெரிந்துதான் ஏசுகிறது. அந்த ஏச்சில் நியாயமும் இருக்கிறது. ஊர்வாயை மூட உலைமூடி இல்லை என்ற பழமொழியை நாம் பெரும்பாலும் ஊரைக் குறைசொல்லவே எடுக்கிறோம். இவ்வகைக் கதையில் மூடக்கூடாத வாய் அது. நாயகனுக்கு அவனுடைய கணக்கை வாசித்துக் காட்டும் வேலையை ஊர்தான் செய்கிறது.

படத்தில் அந்த வேலை எவ்வளவு நேர்த்தியாகச் செய்யப்படுகிறது என்பதற்கு ரயில் காட்சி ஒன்றே போதும். ரே என்பவரின் கார் தண்டவாளத்தில் சிக்கிக்கொள்கிறது. ரயில் வந்துகொண்டிருக்கிறது. ஹான்கொக் காரைப் புரட்டி எறிந்துவிட்டு, ரயிலுக்கு முன்னால் நின்று அதை உடம்பால் மறிக்கிறான். பெட்டிகள் ஒன்றன்மேல் ஒன்றாக நசுங்குகின்றன. ரே பிழைத்துக்கொள்கிறார். சுற்றி நின்றவர்கள் கைதட்டவில்லை. காரோடு நேரே மேலே பறந்திருக்கலாமே, ரயிலை ஏன் உடைத்தாய் என்று கேட்கிறார்கள். அந்தக் கேள்விக்கு அவனிடம் பதில் இல்லை. இதைவிடச் சிறந்த வழி இருந்தது, அது அவனுக்குக் கைவந்த வழியும்கூட. அவன் அதைப் பற்றி யோசிக்கவில்லை, அவ்வளவுதான். அவனுடைய குறை குடி என்று பலர் எழுதுகிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. குடி வெளியே தெரியும் அடையாளம். உண்மையான குறை, தன் வலிமை படுகின்ற இடத்தில் வேறு மனிதர்களும் இருக்கிறார்கள் என்ற எண்ணமே இல்லாமல் இருப்பது. அதனால்தான் தன்னை இழித்துப் பேசிய ஒரு சிறுவனை வானத்தில் தூக்கி எறிந்து, கீழே விழும்போது ஏந்திக்கொள்வதை அவன் வேடிக்கையாகச் செய்கிறான். சிறுவனுக்குக் காயமில்லை என்பது அவனுடைய கணக்கு. சிறுவன் பயந்த பயம் அந்தக் கணக்கில் வரவேயில்லை.

உயிர் பிழைத்த ரே மட்டும் அவனுக்கு நன்றி சொல்கிறார். நிறுவனங்களுக்கு மக்களிடம் நற்பெயர் தேடிக்கொடுப்பதே ரேயின் தொழில். அவர் சொல்லும் வழி விசித்திரமானது. மன்னிப்புக் கேள், உன்மீதுள்ள வழக்குகளுக்காகச் சிறைக்குப் போ, நீ இல்லாத நகரம் எப்படியிருக்கும் என்பதை அவர்களே அறிந்துகொள்ளட்டும் என்கிறார். சுவரை ஒரு விரலால் உடைக்கக்கூடியவன் சிறையில் இருப்பதற்கு அவனுடைய சம்மதம் ஒன்றே பூட்டு. நாடகம் எழுதும் மாணவர்கள் கவனிக்கவேண்டிய இடம் இது. எல்லையற்ற வலிமையுள்ள பாத்திரத்துக்குத் தடை வைக்க அதைவிட வலிய எதிரியைக் கொண்டுவருவதுதான் எல்லோரும் செய்வது. இங்கே தடை அவனே தனக்குப் போட்டுக்கொள்வது, ஒவ்வொரு நாளும் புதிதாகப் போட்டுக்கொள்ளவேண்டியது.

பிறகு அவன் திருந்துவதைப் படம் எப்படிக் காட்டுகிறது? பெரிய வீரச்செயலால் அல்ல. அவன் முதலில் கற்றுக்கொள்வது வீதியை உடைக்காமல் தரையிறங்குவது. இரண்டாவது, வேலையில் இருக்கும் பொலிஸ்காரரைப் பார்த்து நல்ல வேலை செய்தீர்கள் என்று சொல்வது. வங்கிக் கொள்ளைக் காட்சியில் இந்தச் சொற்களை அவன் படும் பாட்டோடு சொல்லும்போது வகுப்பே சிரிக்கும். மூன்றாவதுதான் எனக்கு மிகப் பிடித்தது. அதே காட்சியில் துப்பாக்கிச் சூட்டுக்கு நடுவே காயப்பட்டுக் கிடக்கும் பெண் பொலிஸ் அதிகாரியைத் தூக்கிக்கொண்டு போவதற்கு முன்னால், உங்களைத் தொடலாமா என்று அனுமதி கேட்கிறான். குண்டுகள் பறக்கும் இடத்தில் இப்படிக் கேட்பது பார்ப்பவருக்குச் சிரிப்பாக இருக்கும். ஆனால் சிறுவனை வானத்தில் எறிந்தவன் இவன்தான் என்பதை நினைவில் வைத்துக்கொண்டு இந்தக் காட்சியைப் பாருங்கள். குறை எந்த வடிவில் காட்டப்பட்டதோ, திருத்தமும் அதே வடிவில் வருகிறது. தொட்டுக் கெடுத்தவன் தொடுவதற்கு அனுமதி கேட்கிறான். உபதேச வசனம் ஒன்றும் தேவைப்படவில்லை.

இதெல்லாம் அமெரிக்கர் கண்டுபிடித்த புதினம் என்று எண்ணிவிட வேண்டாம். அமெரிக்கச் சித்திரக்கதைகளில் 1960களில்தான் வீட்டுவாடகைக்கும் பள்ளிக்கூடத்துக்கும் கவலைப்படும் ஸ்பைடர்மேன் போன்ற நாயகர்கள் பெருகினார்கள். அங்கிருந்து ஹான்கொக்குக்கு வர இன்னும் நாற்பது ஆண்டுக்கு மேல் ஆனது. நமக்கோ இப்படிப்பட்ட ஒருவர் நூற்றாண்டுகளாக இருக்கிறார், அதுவும் முல்லைத்தீவில் விடியவிடியக் கூத்தாக ஆடப்பட்டு வருகிறார். கோவலனைச் சொல்கிறேன்.

வற்றாப்பளைக் கண்ணகி அம்மன் கோவிலில் வைகாசிப் பொங்கலுக்குக் கடல்நீரில் விளக்கெரிவதைக் காண வன்னி முழுவதும் திரளும். அம்மனுக்கு அவ்வளவு கூட்டம். அம்மனின் கணவனுக்கு ஊரில் என்ன மதிப்பு என்று கேட்டுப் பாருங்கள். நல்ல பெண்ணை விட்டுவிட்டு மாதவியிடம் போனவன், தேடிவைத்த பொருளையெல்லாம் தொலைத்தவன், கடைசியில் மனைவியின் காற்சிலம்பை விற்கப் போனவன் என்று ஒரு பாட்டம் ஏச்சு வரும். ஆனாலும் அந்தக் கூத்துக்குக் கோவலன் கூத்து என்றுதான் பெயர். களரிக்கு முன்னால் பாய் விரித்திருந்து அவனை ஏசிய பெண்களே, அவன் வெட்டுப்படும் நேரத்தில் முந்தானையால் கண்ணைத் துடைப்பதை நான் சிறுவயதில் பார்த்திருக்கிறேன். யானை கலைத்தவர் மீது ஊருக்கிருக்கும் அந்த ஒரே மூச்சு இதுதான்.

யானை என்று சொன்னது வெறும் ஒப்புக்காக அல்ல. சிலப்பதிகாரத்தின் அடைக்கலக் காதையில் மாடலன் என்ற மறையவன் மதுரைப் புறஞ்சேரியில் கோவலனைச் சந்திக்கிறான். அப்போது, கோவலன் பழைய நாட்களில் செய்த செயல்களை மாடலன் எடுத்துச் சொல்கிறான். மதங்கொண்ட யானை ஒரு முதிய அந்தணனைக் கையால் பற்றிக்கொண்டபோது, கோவலன் பாய்ந்து அவனை விடுவித்து, யானையின் பிடரியில் ஏறியிருந்து அதை அடக்கினானாம். ‘கடக்களிறு அடக்கிய கருணை மறவ’ என்று மாடலன் அவனை விளிக்கிறான். இது சுப்பர் ஹீரோ செய்யும் காரியம் அல்லாமல் வேறென்ன? தொடர்ந்து, கீரிப்பிள்ளையைக் கொன்ற பழியால் கணவனால் கைவிடப்பட்ட பெண்ணுக்குப் பொருள் கொடுத்து அவள் குடும்பத்தைச் சேர்த்துவைத்ததும், பொய்ச்சாட்சி சொன்ன ஒருவனைப் பூதத்திடமிருந்து மீட்கத் தன் உயிரையே தர முன்வந்ததும் சொல்லப்படுகின்றன.

இளங்கோவடிகள் இவற்றை வைத்த இடத்தைப் பாருங்கள். கோவலனின் வீரத்தையும் ஈகையையும் முதற்காதையிலேயே காட்டியிருந்தால் அவன் சாதாரண நாயகன் ஆகியிருப்பான், பிறகு அவன் மாதவியிடம் போனது நம்பிக்கைத் துரோகமாகப் பட்டிருக்கும். அவர் குறையை முதலில் முழுவதுமாகக் காட்டிவிட்டு, அவன் எல்லாம் இழந்து நிற்கும்போது, சாவுக்குச் சற்று முன்னால், யானை அடக்கிய கதையைச் சொல்கிறார். இவனை இவ்வளவு நேரமும் தவறாக எடைபோட்டோமோ என்று நாம் தடுமாறும்போதே அவனை வாளுக்குக் கொடுத்துவிடுகிறார். ஹான்கொக் படமும் வாங்கில் கிடக்கும் குடிகாரனில் தொடங்குவது இதே கணக்கில்தான். முதலில் முகம் சுளிக்கவைத்த பிறகு கொடுக்கப்படும் நல்லதற்கு எடை கூடுதல்.

மன்னிப்பு என்ற விடயத்தில் மட்டும் சிலம்பு படத்தைவிட ஒரு படி மேலே நிற்கிறது. ஹான்கொக் ஊடகங்களுக்கு முன்னால் வாசிக்கும் மன்னிப்பை எழுதிக்கொடுத்தவர் ரே. கோவலனுக்கு எவரும் எழுதிக்கொடுக்கவில்லை. கொலைக்களக் காதையில், ஆயர் வீட்டில் கண்ணகி படைத்த சோற்றை உண்டபின், ‘சிறுமுதுக் குறைவிக்குச் சிறுமையும் செய்தேன்’ என்று, இளம் வயதிலேயே அறிவு முதிர்ந்த உனக்குத் தீங்கும் செய்தேன் என்ற பொருளில், தானாகவே சொல்கிறான். அதற்கு முன்னால் பெற்றோர் சொற்படி நடக்கத் தவறியதையும் சொல்கிறான். எழு என்றதும் எழுந்து வந்தாயே, என்ன காரியம் செய்தாய் என்று கண்ணகியைக் கேட்கிறான். செலவு கொடுத்தவளின் முகத்தைப் பார்த்தே கணக்கை ஒப்புக்கொள்கிறான். கூத்தில் இந்த இடம் வந்ததும் கூத்தைப் பழக்கி நடத்தும் எங்கள் அண்ணாவியார் மத்தளத்தைத் தாழ்த்திவிடச் சொல்வார்.

இனிப் பிற்பாதியின் தவறுக்கு வரலாம். படம் ஏறத்தாழ ஒன்றரை மணித்தியாலம் ஓடுகிறது. அதன் நடுவில் ரேயின் மனைவி மேரியும் ஹான்கொக்கைப் போன்ற சக்திகொண்டவள் என்பது தெரியவருகிறது. இருவரும் ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக வாழும் இணையர். ஒருவர் அருகில் ஒருவர் இருந்தால் இருவருமே சக்தியிழந்து சாதாரண மனிதராகிவிடுவர். எண்பது ஆண்டுகளுக்கு முன்னர் தாக்கப்பட்டு நினைவிழந்து கிடந்த அவனை, அவன் நலமடைவதற்காகவே அவள் பிரிந்து போயிருக்கிறாள். மருத்துவமனையில் கண்விழித்தவனுக்குத் தன் பெயரே தெரியவில்லை. ஜோன் ஹான்கொக் என்பது அமெரிக்கப் பேச்சுவழக்கில் கையெழுத்தைக் குறிக்கும் சொல். 1776ஆம் ஆண்டின் சுதந்திரப் பிரகடனத்தில் மிகப் பெரிதாகக் கையொப்பமிட்டவரின் பெயர் அது. கையெழுத்துப் போடச் சொல்லி மருத்துவமனையில் அந்தச் சொல்லைப் பயன்படுத்தியதை இவன் தன் பெயராக எடுத்துக்கொண்டான். தன்னைத் தேடி ஒருவரும் வரவில்லையென்றால் தான் எவ்வளவு மோசமானவனாக இருந்திருக்கவேண்டும் என்று அவன் ஓரிடத்தில் சொல்வது படத்தின் மிக நல்ல கணங்களில் ஒன்று.

ஆனால் இதன் விளைவைப் பாருங்கள். அவன் அப்படி ஆனதற்குக் காரணம் அவன் அல்ல, நினைவிழப்பும் விதியும் என்று ஆகிவிடுகிறது. குறை கைநழுவிப்போய், அதன் இடத்தில் கிரிப்டோனைட் போன்ற ஒரு பலவீனம் வந்து உட்கார்ந்துவிடுகிறது. உடைந்த ரயிலையும் வீதியையும் படம் மறந்துவிடுகிறது. படம் வந்த நாளிலேயே விமர்சகர்கள் பலர் பிற்பாதியில் முகம் சுளித்தார்கள். அவர்கள் சொன்ன காரணங்கள் பல. என் காரணம், கணக்கு இடையில் கைவிடப்பட்டது என்பதே.

மாடலனும் இதே சமாதானத்தைத்தான் சொல்கிறான். இப்பிறப்பில் நீ செய்ததாக நானறிந்தவை நல்வினைகளே, இந்தத் துன்பம் முற்பிறப்பின் பயனாக இருக்கலாம் என்கிறான். மதுரைக் காண்டத்தின் இறுதியில் முற்பிறப்புக் கதை ஒன்றும் வருகிறது. ஆயினும் கோவலன் அந்தச் சமாதானத்துக்குள் ஒளிந்துகொள்ளவில்லை. அவன் கண்ணகியிடம் தன் பிழையைச் சொல்வது மாடலன் அவனைத் தேற்றிய பிறகு. ஊழ் என்று ஒன்று இருக்கட்டும், நான் உனக்குச் செய்தது நான் செய்ததுதான் என்பதுபோல இருக்கிறது அவன் பேச்சு.

வகுப்பில் இந்தப் பாடம் முடிந்தபின் ஒரு பயிற்சி கொடுத்தேன். முதலில் சொன்ன யானை கலைத்தவரின் கதைக்கு இறுதிக்காட்சி எழுதவேண்டும், ‘திருந்திவிட்டார்’ என்ற சொல் வரக்கூடாது என்பது நிபந்தனை. பெரும்பாலானவர்கள் அவரை யானையிடம் மிதிபட்டுச் சாகவைத்து ஊரை அழவைத்தார்கள். சாவு கடனை அடைக்காது என்று சிவப்பு மையில் எழுதித் திருப்பிக் கொடுத்தேன். ஒரு மாணவி மட்டும் அடுத்த ஆண்டு மாசி மாதத்தை எழுதியிருந்தாள். வரம்புகள் கட்டப்பட்டிருக்கின்றன, அதில் ஒன்று கோணலாக இருப்பதால் அவரே கட்டியது என்று தெரிகிறது. யானை மறுபடி இறங்கிவிட்டது. வெடியும் கூக்குரலும் கேட்கின்றன. அவர் உழவு இயந்திரத்தை முடுக்கி வயலின் ஓரத்துக்குக் கொண்டுவந்து நிறுத்திவிட்டு, இருட்டைப் பார்த்துக் கத்துகிறார்: “அண்ணை, உங்கட வயலுக்காலை இறக்கட்டோ?”